குதிருக்குள் போன ரேடியோ கார்டுகள்

ரேடியோவைவிட அதன் கம்பிதான் எனக்கு முதலில் பயம் காட்டியது. எங்கள் வாசலில் நின்ற பலா மரத்து உச்சியிலிருந்து எதிரே நட்ட மூங்கில் வரைக்கும் ஒரு செம்புக் கம்பியை என் வீட்டுக்காரர் இழுத்துக் கட்டியிருந்தார். கொல்லிமலையில் மழைக்காலத்து இடியைக் கேட்டவர்களுக்கு என் பயம் புரியும். இடி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்து, சாப்பிட உட்கார்ந்திருக்கும் எங்கள் இரண்டு பேரையும் தேடும் என்று நினைப்பேன். வானம் கறுத்தால் முதலில் கம்பியைக் கழற்றச் சொல்வேன். அப்புறம்தான் காயப்போட்ட துணியை எடுப்பேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் சொந்தமாகத் தோட்டம் வைத்து வெள்ளாமை செய்த குடும்பம் எங்களுடையது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் தெரியாது. கல்யாணமாகி மலைமேல் வளப்பூர் நாட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு அடிவாரத்து வியாபாரி ஒருவரிடம் வேலை. மலைக்காரர்களிடம் மிளகும் கடுக்காயும் தேனும் வாங்கிச் சேர்த்துக் கீழே அனுப்ப வேண்டும். அப்போது மலைக்கு ரோடு இல்லை. எதுவானாலும் தலைச்சுமையாக ஒற்றையடிப் பாதையில்தான் ஏறும், இறங்கும்.

ரேடியோ அந்த வியாபாரியுடையது. கீழே வைத்தால் இரைச்சல் தாங்கவில்லை, மலைமேல் சுத்தமாகக் கேட்கும், கேட்டுச் செய்தி சொல்லு என்று கொடுத்துவிட்டார். ரேடியோ வைத்துக்கொள்ள அப்போது லைசென்ஸ் வேண்டும், அது அவர் பேரில் இருந்தது. அவர் பேரில் உள்ள லைசென்ஸ் எங்கள் வீட்டு ரேடியோவுக்குச் செல்லுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "செல்லும் புள்ள" என்று என் வீட்டுக்காரரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பேட்டரி தீர்ந்தால் அதைச் சாக்கில் சுற்றிக் காவடியின் ஒரு பக்கம் கட்டி, மறு பக்கம் அதே எடைக்குக் கடுக்காய் மூட்டையைக் கட்டிக் கீழே சார்ஜ் ஏற்றக் கொண்டுபோவார். உள்ளே இருக்கிற திராவகம் சிந்தினால் தோல் வெந்துபோகும் என்று அவரே ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் இறங்கிப் போகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

கார்டு சேர்க்கிற பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளைக்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் சண்டை தொடங்குவதற்கு முன்பே பிடித்துவிட்டது. ஏதோ ஒரு தேசத்து ஸ்டேஷன் கேட்டால், கேட்ட நாள், மணி, எத்தனாவது மீட்டர் அலைவரிசை, சத்தம் எவ்வளவு, தெளிவு எவ்வளவு, நடுவில் என்ன பாட்டு வைத்தார்கள் என்று எழுதி அந்த ஸ்டேஷனுக்கே தபால் போடுவார். சத்தத்துக்கும் தெளிவுக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி மார்க்குப் போடுவார். உண்மையாகவே கேட்டிருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்தால், ஆமாம், நீ கேட்டது எங்களைத்தான் என்று ஒரு படக்கார்டு அனுப்புவார்கள். சிலர் ஓரத்தில் பல் வெட்டிய ஒட்டுச் சீட்டு அனுப்புவார்கள், பின்பக்கம் பசை தடவியது. ஒரு ஸ்டேஷன் முக்கோணத் துணிக்கொடி அனுப்பியது. அதன் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தேன், நூல் பிரிந்திருந்தது.

தபால் அடிவாரத்துக் கடையில் கிடக்கும். உப்பு மூட்டையோடு யாராவது மேலே ஏறும்போது கொண்டுவந்து கொடுப்பார்கள். அதனால் எங்கள் கார்டுகளில் எல்லாம் உப்பு மணம் இருக்கும். அவர் அவற்றைப் பிஸ்கட் டப்பா ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார். சாயங்காலம் பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். உயரமான இரும்புக் கோபுரம் ஒன்று. மரக்கிளையில் உட்கார்ந்த கொழுத்த பறவை ஒன்று. பனி மலை ஒன்று. கழுகு படம் போட்டது ஜெர்மன்காரர்களுடையது. எழுத்துத் தெரியாவிட்டாலும் எனக்கு எல்லாக் கார்டும் நிறத்தால் அத்துபடி.

மலைக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் காட்டுவார். பக்கத்து வீட்டு அக்காவின் புருசன் அந்தப் பனி மலைக் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மொளகு வெளையுமா?"

"வெளையாதுங்க. பனி."

"அப்பறம் எதுக்கு அந்த ஊருக்காரங்க அங்க குடியிருக்கறாங்க?"

என் வீட்டுக்காரர் கார்டை வாங்கித் தானும் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

சண்டை தொடங்கியதும் ஜெர்மன் ஸ்டேஷனுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் போதுமா? வந்த கார்டு வந்ததுதானே, டப்பாவுக்குள் கழுகு உட்கார்ந்திருக்கிறதே. அதைச் சொன்னால், "அது சும்மா படம் புள்ள" என்பார். பனி மலைக்காரர்கள் சண்டையில் சேராதவர்கள், அவர்களுக்கு எழுதலாம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு சுவிட்சர்லாந்துக்கு ஒரு தபால் போட்டார்.

அந்த வருடம் சாமை அறுப்பு முடிந்த சமயம் அவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கீழே போயிருந்தார். நான் சோளக்காட்டுச் சந்தைக்கு உப்பு வாங்கப் போனேன். அங்கே ஒரு சுமைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கீழ்நாட்டில் ரேடியோ வைத்திருந்த ஒருவரைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டதாம். வீட்டுக் கூரையைக்கூடப் பிரித்துப் பார்த்தார்களாம். எந்த ஊர், யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் எனக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. ஊர் பேர் இல்லாத அந்த ஆள் என் வீட்டுக்காரராகவே எனக்குத் தெரிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து கழுகுக் கார்டை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஓரம் சூடேறியது. அந்தக் கார்டு வந்த அன்று அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு சோறு தின்றது ஞாபகம் வந்தது. என்னால் போட முடியவில்லை. திரும்ப டப்பாவில் வைத்து, டப்பாவை முந்தானைக்குள் மறைத்து, பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அந்த அக்கா குதிரில் சாமை கொட்டிக்கொண்டிருந்தார். மூங்கிலால் பின்னி மண் பூசிய குதிர், ஆள் உயரம். கொட்டி முடித்ததும் வாயை மூடி மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிவிடுவார்கள். தையில் சாமிக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் திறப்பார்கள். பூசிய கைதான் திறக்க வேண்டும். முன்னாலே திறந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அந்தக் குடும்பத்தில் உறுதி. அவருடைய மாமனார் காலத்தில் அவசரத்துக்குத் திறந்த வருடம் வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது.

"அக்கா, இந்த டப்பாவக் கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கறீங்களா?"

"என்ன கண்ணு, நகையா?"

"காயிதந்தானுங்க. அவரு சேக்கறது."

"அந்தப் படமா? அதுக்கா உனக்கு மூஞ்சி இப்புடி வேர்க்குது?" என்றார். ஆனாலும் வாங்கி, சாமைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தார். "பூசியாச்சுன்னா தை வரைக்கும் தொறக்க மாட்டேன். அதுக்குள்ள உன்ற புருசன் கேட்டா?"

"சொல்லிக்கறேனுங்க."

கலகலப்பான மனுஷி, பூசி முடிக்கிற வரைக்கும் என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இனி யார் வந்து கூரையைப் பிரித்தாலும் ஒன்றும் கிடைக்காது.

அவர் திரும்பி வந்தது மறுநாள் இருட்டுகிற நேரம். மழையில் நனைந்து, தோள் வீங்கி, சாப்பிட்டவுடனே படுத்துவிட்டார். காலையில் சொல்லலாம் என்று இருந்தேன்.

காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கூட ஒரு கான்ஸ்டபிள். மலையடிவாரத்தில் தங்கி விடிவதற்கு முன்பே ஏறியிருக்கிறார்கள். பூட்ஸ் கடித்து இன்ஸ்பெக்டர் நொண்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இது யார் எழுதினது?"

என் வீட்டுக்காரர் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நாந்தானுங்க. சுவிட்சர்லாந்துக்குப் போட்டது. இன்னும் போகலீங்களா?"

"போக விடுவாங்களா? மணி போட்டிருக்கு, மீட்டர் போட்டிருக்கு. சத்தம் நாலு, தெளிவு மூணு. சுவிட்சர்லாந்துல இருக்கிறவனுக்குக் கொல்லிமலையில என்னய்யா சத்தம்? யாருக்கு என்ன சேதி இது?"

"சேதி இல்லீங்க. இப்புடி எழுதுனா கார்டு அனுப்புவாங்க. நான் சேக்கறனுங்க. நெறைய இருக்குது."

"எங்க, காட்டு."

அவர் சந்தோஷமாக உள்ளே போனார். நான் கதவோரம் நின்றேன். பரணில் டப்பா இருந்த இடத்தைத் தடவுகிற சத்தம் கேட்டது. பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம். மறுபடியும் தடவுகிற சத்தம். காட்டினால் கழுகு இருக்கிறது. காட்டாவிட்டால் அவர் சொன்னது பொய், காகிதத்தில் இருப்பது உளவுக் கணக்கு. இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"டப்பா எங்க புள்ள?"

நான் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டினார். கான்ஸ்டபிள் என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதனாலேயே அவர் கைகளைக் கட்டினார். "கெளம்பு. மூடுபனி இறங்கறதுக்குள்ள கீழ போகணும். பேச வேண்டியதைக் கீழ பேசிக்கலாம்."

அந்தத் துண்டு முடிச்சைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். "பக்கத்து ஊட்டுக் குதிருல இருக்குதுங்க. நாந்தான் வெச்சேன். அவருக்குத் தெரியாதுங்க."

"குதிர்லயா? எதுக்குக் குதிர்ல?"

"பயந்துட்டனுங்க."

"ஒண்ணும் இல்லைன்னா எதுக்கும்மா பயம்?" என்றார். ஒன்றும் இல்லாததற்கும் பயப்படுகிறவள் நான் என்று ஒரு போலீஸ்காரருக்கு எப்படிப் புரியவைப்பது?

எல்லோரும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அக்காவும் அவர் புருசனும் காட்டுக்குப் போயிருந்தார்கள். கதவு சும்மா சாத்தியிருந்தது. இன்ஸ்பெக்டர் குதிரின் மண் பூச்சைத் தட்டிப் பார்த்து, "உடை" என்றார். கான்ஸ்டபிள் மலையடிவாரத்துக்காரர். அவருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஊட்டுக்காரங்க வரட்டுங்களே, ஐயா."

"எனக்குப் பாதம் போச்சு. உனக்கு ஊட்டுக்காரங்களா?"

நான் காட்டுக்கு ஓடினேன். மழை ஈரத்தில் இரண்டு இடத்தில் விழுந்தேன். அக்கா மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் புருசன் இன்னும் கீழே, மிளகுக் கொடிப் பக்கம் இருந்தார்.

"அக்கா, குதிரத் தொறக்கோணுங்க."

"தையில தொறக்கறேன்."

"அவரக் கூட்டிட்டுப் போறாங்க. கையக் கட்டிட்டாங்க."

அவர் நிமிர்ந்தார். கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் போன உயிரைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டு பிள்ளைகள். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பதும் தெரியும். ஆனாலும் நகரவில்லை.

"நீதான வெக்கச் சொன்ன?" என்றார்.

"ஆமாங்க."

"நாந்தான பூசுனேன்."

கிழங்கை அப்படியே போட்டுவிட்டு நடந்தார். புருசனைக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் வேண்டாம் என்பார் என்று நினைத்திருக்கலாம்.

வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "சாமி, செருப்பக் கழட்டிட்டு வெளிய உக்காருங்க. அதுல கை வெக்காதீங்க. நானே தொறந்து தாரேன். சாமிக்கு வெச்சுப்போட்டுத்தான் தொறப்பேன்" என்றார்.

"எவ்வளவு நேரமாகும்?"

"சாமை வேகற நேரம்."

"பனி இறங்கிட்டா நான் எப்படிக் கீழ போறது?"

"வெறகு ஈரம். ஊதறதுக்கு ஆளிருந்தா சுருக்கா வேகும்."

இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. "போய் ஊதுய்யா" என்றார் கான்ஸ்டபிளிடம். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். புகையில் அவருக்கு இருமல் வந்தது. வேறு நாளாக இருந்தால் அக்கா அவரை ஒரு வழி பண்ணியிருப்பார். அன்று உதட்டை மடித்துக்கொண்டு பானையையே பார்த்தார்.

என் வீட்டுக்காரர் கட்டின கையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"அந்தக் கழுகும் அதுலதான் இருக்குதுங்க" என்றேன் மெதுவாக.

"எல்லாந்தான் இருக்கும்."

"அத மட்டும் நான் மொதல்ல எடுத்து மறைச்சுட்டா..."

"சும்மா இரு புள்ள. இனி எதையும் மறைக்காத."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துச் சொன்னார். அதற்குக் கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

பொங்கியதும் அக்கா இலையில் வைத்து, கற்பூரம் காட்டி, குதிர் வாயில் காய்ந்திருந்த மண்ணை விரலால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஒரே இடியில் உடைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. உள்ளே கையை விட்டு டப்பாவை இழுத்தார். அதன் மேலிருந்த சாமை பொலபொலவென்று திரும்ப உள்ளேயே விழுந்தது. ஒரு மணி வெளியே சிந்தாமல் பார்த்துக்கொண்டார். டப்பாவை இன்ஸ்பெக்டர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்தார். கோபுரம். பறவை. துணிக்கொடி. ஒட்டுச் சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், உள்ளே எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று. கார்டுகளின் பின்னால் இருந்ததைப் படித்து, "நன்றி, வணக்கம், நன்றி, வணக்கம். வேற ஒண்ணும் இல்லை" என்றார். அடுத்தது கழுகு வந்தது.

அவர் கை நின்றது. கான்ஸ்டபிளும் எட்டிப் பார்த்தார். இதோ, சந்தையில் சொன்ன அந்த ஊர் பேர் தெரியாத ஆளுக்கு ஊரும் பேரும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கார்டைத் திருப்பினார். படித்தார். பையிலிருந்த காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். ஜெர்மன் ஸ்டேஷன்காரர்கள் மற்றவர்களைப் போல நன்றி மட்டும் போடவில்லை. என் வீட்டுக்காரர் அவர்களுக்கு எழுதிய விவரத்தை வரிசையாக டைப் அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாள், மணி, மீட்டர், சத்தத்துக்கு இவ்வளவு, தெளிவுக்கு இவ்வளவு, சரியாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று. சுவிட்சர்லாந்துத் தபாலிலும் அதே வரிசைதான், உளவுச் சேதி இல்லை என்று அதிலேயே தெரிந்தது.

"எப்போ வந்தது இது?"

"சண்டைக்கு முன்னாலீங்க. முத்திரையில தேதி இருக்குது பாருங்க."

முத்திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அதுக்கப்புறம் இவங்களுக்கு எழுதினியா?"

"இல்லீங்க."

"இந்தக் கார்டுக்காகவா இவ்வளவும்? இதை வெச்சு என்ன பண்ணுவ?"

"பாப்பனுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அவுத்து விடு" என்றார். கான்ஸ்டபிள் முடிச்சை அவிழ்த்துத் துண்டை உதறி அவர் தோளிலேயே போட்டார். பிறகு இன்ஸ்பெக்டர் எல்லாக் கார்டையும் டப்பாவில் அடுக்கி, "இதை மேல காட்டணும். எங்கிட்டயே இருக்கட்டும். சண்டை முடியற வரைக்கும் வெளிநாட்டுக்கு ஒரு வரி எழுதக் கூடாது" என்று சொல்லி எழுந்தார். அக்கா இரண்டு பேருக்கும் இலையில் பொங்கல் வைத்தார். வேண்டாம் என்றவர்கள் தின்றுவிட்டே போனார்கள். டப்பா கான்ஸ்டபிளின் கக்கத்தில் இறங்கிப் போனது. திரும்பி வரவில்லை. செய்தி கேள்விப்பட்ட வியாபாரி, அடுத்த வாரமே ரேடியோவையும் கீழே வரவழைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர், "அந்த ஒரு கார்ட நீ அடுப்புல போட்டிருந்தீன்னா நான் இந்நேரம் கீழதான்" என்றார். அடுப்பு வரைக்கும் கொண்டுபோனதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஓரம் பழுத்திருந்ததைப் பார்த்திருப்பார்.

எனக்கு அந்தப் பயம் போய் இந்தப் பயம் வந்தது. தை வருவதற்கு முன்பே குதிர் திறந்தாயிற்று, எனக்காக. விடிந்ததும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவேன். நெருப்புக் கேட்பேன், சல்லடை கேட்பேன். பிள்ளைகள் இரண்டும் எழுந்து நடமாடுகின்றனவா என்று பார்ப்பேன். சின்னவனுக்குத் தும்மல் வந்தால் நான் சுக்குத் தட்டிக்கொண்டு ஓடுவேன். அக்காவின் புருசன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கா ஒரு நாள் சல்லடையை என் கையில் திணித்து, "இதை நீயே வெச்சுக்க. தெனமும் வந்து எங்க ஊட்ல எந்தத் தலை கொறையுதுன்னு எண்ணாத. நீ எண்ணறதுலதான் எனக்குப் பயமாக் கெடக்குது" என்றார். அடுத்த அறுப்பு வந்து மறுபடியும் குதிர் பூசுகிற வரைக்கும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் வாசலில் நின்றபடி. ஒன்றும் ஆகவில்லை.

சண்டை முடிந்த பிறகு வியாபாரி ரேடியோவைத் திரும்பக் கொடுத்தனுப்பினார். பலா மரத்துக்கும் மூங்கிலுக்கும் மறுபடி கம்பி ஏறியது. ஒரு சாயங்காலம் பனி மலைக்காரர்களின் ஸ்டேஷன் சுத்தமாகக் கேட்டது. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"எழுதலீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுனா கார்டு வரும். வந்தா அத நீ எங்க கொண்டுபோய் ஒளிப்பியோன்னு எனக்குப் பயமா இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.